எண்ணும் எஞ்சினும்



வீணை வாசிப்போர் கச்சேரி தொடங்குமுன் பிருடைகளைத் திருகிச் சுருதி சேர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். தந்தியின் இறுக்கத்தைச் சிறிது கூட்டியும் சிறிது குறைத்தும், அஃது எந்த நிலையில் நிற்க வேண்டுமோ அந்த நிலையில் நிறுத்துகிறார்கள். இச்செயலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டியூனிங்' என்ற சொல்லே, எஞ்சினைத் தேவைக்கு ஏற்பச் செவ்வைப்படுத்தும் தொழிலுக்கும் வழங்குகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், டீசல் எஞ்சின் பூட்டிய சரக்கு வண்டிகளை இவ்வாறு செவ்வைப்படுத்துவது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே திருகப்படுவது பிருடை அன்று. கணிப்பொறியில் எழுதப்பட்ட எண். அந்த எண் யாது, அதை மாற்றினால் என்ன நிகழும், மாற்றுவோர் எதை அறிந்திருக்க வேண்டும் என்பனவற்றை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் டீசல் எஞ்சின் இயங்கும் முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். அவருடைய எஞ்சின் 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் முறையாகச் சோதிக்கப்பட்டபோது, எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய 26 விழுக்காட்டைப் பயனுள்ள வேலையாக மாற்றிக் காட்டியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களுள் பெரும்பாலானவை பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்பதை நோக்கினால், இதன் பெருமை விளங்கும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் அறிவீர்கள். காற்றை அமுக்கினால் அது சூடேறும். டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறிக் காற்றைப் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அமுக்கும்போது, அதன் வெப்பநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே செல்கிறது. அந்தத் தருணத்தில் எண்ணெயை நுண்ணிய தூவலாகப் பீச்சினால், தீப்பொறி இல்லாமலேயே அது பற்றி எரிகிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அத்தள்ளலே சக்கரத்தைச் சுழற்றும் விசையாகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுங்கள். பெட்ரோல் எஞ்சினில், உள்ளே புகும் காற்றை ஒரு தடுப்பிதழால் கூட்டியும் குறைத்தும் வலிவை ஆள்கிறோம். டீசல் எஞ்சினிலோ காற்று பொதுவாகத் தடையின்றி உள்ளே வருகிறது. பீச்சப்படும் எண்ணெயின் அளவுதான் வலிவை நிர்ணயிக்கிறது. எண்ணெய் கூடினால் வலிவும் கூடும். ஆதலால் டீசல் எஞ்சினை வலுப்படுத்துவது மிக எளிது என்ற எண்ணம் பலருக்கும் தோன்றுகிறது. அந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. மறுபாதி காற்றில் இருக்கிறது.

ஒரு கிலோ டீசல் எண்ணெய் முற்றிலும் எரிவதற்குச் சுமார் பதினான்கரைக் கிலோ காற்று தேவை. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ எண்ணெய்க்குப் பன்னிரண்டு கன மீட்டர் காற்று வேண்டும். இரண்டு மீட்டர் அகலமும், இரண்டு மீட்டர் நீளமும், மூன்று மீட்டர் உயரமும் உள்ள ஒரு சிற்றறையில் அடங்கும் காற்று முழுவதும் அது! எண்ணெயும் காற்றும் சிலிண்டருக்குள் ஒரே சீராகக் கலப்பதில்லை. ஆகவே, நடைமுறையில் இதைவிட மிகுதியான காற்று இருந்தால்தான் புகையின்றி எரியும். காற்றைக் கூட்டாமல் எண்ணெயை மட்டும் கூட்டினால், எரியாத கரி கரும்புகையாக வெளியேறும், வலிவு ஏறுவதில்லை. இதன்பொருட்டே வெளியேறும் வாயுவின் வேகத்தைக் கொண்டு ஒரு விசிறியைச் சுழற்றிக் காற்றை உள்ளே திணிக்கும் 'டர்போ' என்னும் கருவியைப் பொருத்துகிறார்கள். சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ஃபிரட் பியூச்சி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

காற்றின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் கார்ப் பந்தயத்தில், கம்மின்ஸ் நிறுவனத்தார் டர்போ பொருத்திய டீசல் எஞ்சினுடன் ஒரு காரைக் களத்தில் இறக்கினர். ஃபிரெட் அகபாஷியன் என்பவர் அதை ஓட்டினார். தகுதிச் சுற்றில் மணிக்கு 138 மைல் வேகம் எடுத்து, தொடக்க வரிசையில் முதலிடத்தில் நின்றது அந்த டீசல் கார். ஆனால், பந்தய நாளன்று 200 சுற்றுகளில் 71 சுற்றுகளே ஓடிய நிலையில் அது விலக நேர்ந்தது. காரணம் யாது? ஓடுபாதையில் தேய்ந்து உதிர்ந்த டயர் ரப்பர்த் துகள்கள், டர்போவின் காற்று வாயிலை அடைத்துவிட்டன. எஞ்சினிடம் வலிவு இருந்தது, எண்ணெயும் இருந்தது. மூச்சுவிட வழிதான் இல்லை.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். அமெரிக்காவில் 'பிக்கப்' என்று வழங்கும் வண்டிகளில் முன்னால் ஓட்டுநர் அறையும், பின்னால் திறந்த தொட்டியும் இருக்கும். பண்ணையாளரும் கட்டடத் தொழிலாளரும் பாரமான இழுவண்டிகளைப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்ல இவற்றையே நம்பியிருக்கின்றனர். 1990களில் இவற்றுள் சில வண்டிகளில் எண்ணெயின் அளவை ஆண்டது, பம்ப்புக்குள் இருந்த ஒரு சிறு இரும்புத் தகடு. அதை அரத்தால் அராவி வடிவத்தை மாற்றினால் எண்ணெய் கூடும். அரமும் திருப்புளியுமே அன்றைய கருவிகள். பின்னர் மின்னணு ஆட்சி வந்தது. 2001ஆம் ஆண்டு வகை ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் பிக்கப்புகளிலும், 2003ஆம் ஆண்டு வகை டாட்ஜ் வண்டிகளின் கம்மின்ஸ் எஞ்சின்களிலும் 'காமன் ரெயில்' என்னும் பொதுக்குழாய் முறை இடம்பெற்றது.

இம்முறையில் எண்ணெய் ஒரு கனத்த குழாயில் எப்போதும் பேரழுத்தத்தில் காத்திருக்கிறது. இக்கால எஞ்சின்கள் சிலவற்றில் அந்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 2,000 மடங்கையும் தாண்டுகிறது. உலகின் மிக ஆழமான கடலடியில் உள்ள அழுத்தம்கூட ஏறக்குறைய 1,100 மடங்கே என்பதை எண்ணிப் பாருங்கள். கணிப்பொறி மின்சைகை அனுப்பியவுடன் ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டரும் திறந்து மூடுகிறது. எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்திருப்பது, எந்த அழுத்தத்தில் பீச்சுவது என்ற மூன்றையும் கணிப்பொறியே தீர்மானிக்கிறது.

அதன் வேகத்தைச் சிறிது கணக்கிடுவோம். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்கிறது என்று கொள்ளுங்கள். அஃதாவது, ஒரு விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எண்ணெய் வேண்டும். ஆறு சிலிண்டர்களுக்கும் சேர்த்து விநாடிக்கு 150 தடவை. ஒரு சுற்றில் 360 பாகைகள் அல்லவா? எனவே, கிராங்குத் தண்டு ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் ஒரு விநாடியில் 18,000இல் ஒரு பங்கு. எண்ணெய் பீச்சும் தருணம் ஓரிரு பாகை முன்பின்னானாலும் எஞ்சினின் குணம் மாறிவிடும். இத்தகைய நுண்மையை அரத்தாலும் திருப்புளியாலும் அடைய இயலாது.

கணிப்பொறி இதை எவ்வாறு தீர்மானிக்கிறது? ஒரு தாளில் கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். மேல் வரிசையில் எஞ்சினின் சுழல்வேகத்தை 600, 1,000, 1,400, 1,800 என்று எழுதுங்கள். இடப்பக்கத்தில், ஓட்டுநர் மிதியை எவ்வளவு அழுத்தியிருக்கிறார் என்பதை நூற்றுக்கு எத்தனை என எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த நிலையில் பீச்ச வேண்டிய எண்ணெய் எத்தனை மில்லிகிராம் என்று ஓர் எண் இருக்கும். 1,400 சுற்றில் 60 என்றும், 1,800 சுற்றில் 80 என்றும் இருப்பதாகக் கொள்வோம். எஞ்சின் 1,500 சுற்றில் ஓடினால்? நீங்கள் பள்ளியில் கற்ற விகித சமக் கணக்குத்தான், விடை 65. அதையேதான் கணிப்பொறியும் விநாடிக்குப் பல முறை செய்கிறது. தொழிலாளர் இந்த அட்டவணையை 'மேப்' என்பர். எஞ்சின் கணிப்பொறி ஒன்றில் இத்தகைய அட்டவணைகள் நூற்றுக்கணக்கில் உண்டு.

இவற்றுள் முக்கியமான ஒரு வகை, எல்லை வகுக்கும் அட்டவணைகள். இவ்வளவு காற்று இருந்தால் இதற்குமேல் எண்ணெய் கூடாது என்பது ஒன்று. பற்சக்கரப் பெட்டி தாங்கும் முறுக்குவிசைக்கு மேல் போகலாகாது என்பது ஒன்று. குளிர்நீர் மிகச் சூடேறினால் வலிவைக் குறை என்பது மற்றொன்று. ஓட்டுநர் எவ்வளவு கேட்டாலும், இவ்வெல்லைகள் கூறும் எண்களுள் மிகக் குறைந்தது எதுவோ அதுவே செல்லும்.

செவ்வைப்படுத்துவோர் வண்டியின் இணைப்பு வாயில் வழியாக இந்த அட்டவணைகளைப் படித்து, எண்களை மாற்றி, மீண்டும் கணிப்பொறியில் பதிக்கின்றனர். பாரம் இழுக்க ஒரு வகை, வெறும் வண்டியாக ஓட்ட ஒரு வகை எனப் பல பதிவுகளை ஏற்றி, ஒரு திருகு விசையால் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. நேர்மையான தொழிலாளர் ஒருவர் இதை எவ்வாறு செய்கிறார் தெரியுமா? முதலில் வண்டியின் உடல்நிலையை அறிகிறார். பின்னர், சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்தி, டைனமோமீட்டர் என்னும் அளவுகருவியில் முறுக்குவிசையை அளக்கிறார். ஓர் எண்ணைச் சிறிது மாற்றுகிறார், மறுபடி ஓட்டுகிறார், டர்போவின் அழுத்தம், குழாயின் அழுத்தம், வெளியேறும் வாயுவின் வெப்பம் யாவற்றையும் குறித்துக்கொள்கிறார். ஒரே வேளையில் பத்து எண்களை மாற்றினால், விளைவுக்கு எது காரணம் என்று எவராலும் கூற இயலாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பது உங்கள் ஆய்வுக்கூடத்தின் விதியன்றோ?

இடத்தையும் அவர் மறப்பதில்லை. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. கடற்கரை நகரில் பொருத்தமாக இருந்த எண், மலைநகரில் புகையைக் கக்க வைக்கலாம்; அல்லது, டர்போவை அளவுக்கு மீறிச் சுழலச் செய்யலாம்.

இனி, வலிவை மட்டுமே குறியாகக் கொண்டு எண்களை உயர்த்தினால் நேரும் துன்பங்களைக் காண்போம். முதலாவது வெப்பம். பிஸ்டன்களுட் பல அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகுவது. எரியும் வாயுவோ அதைவிடப் பன்மடங்கு சூடானது. வெப்பம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதாலும், கீழிருந்து மசகெண்ணெய் பீறிட்டுக் குளிர்விப்பதாலுமே பிஸ்டன் பிழைத்திருக்கிறது. பாரத்தை இழுத்துக்கொண்டு நீண்ட மலைச்சாலையில் ஏறும்போது மிகையான எண்ணெய் பீச்சப்பட்டால், இந்தச் சமநிலை குலைகிறது. பிஸ்டனின் தலை உருகித் துளைபடுகிறது. இரண்டாவது, முறுக்குவிசை. எஞ்சின் தாங்கினாலும், அதன் பின்னேயுள்ள பற்சக்கரப் பெட்டியின் பிடிதகடுகள் தாங்க வேண்டுமே! சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கினால், அறுபடும் இடம் அடுத்த கண்ணிக்கு மாறும்; அவ்வளவே.

மூன்றாவது ஒன்று உண்டு. சிலர் அட்டவணையைத் தொடாமல், குழாயின் அழுத்தத்தை அளக்கும் உணர்கருவிக்கும் கணிப்பொறிக்கும் இடையில் ஒரு சிறு பெட்டியைச் செருகுவர். உண்மை அழுத்தத்தைக் காட்டிலும் குறைவாக அந்தப் பெட்டி அறிவிக்கும். அதை நம்பிய கணிப்பொறி, அழுத்தத்தை மேலும் உயர்த்தும். வலிவு கூடுவது மெய்தான். ஆனால், பொய்ச் சாட்சியைக் கேட்ட நீதிபதியின் நிலை அந்தக் கணிப்பொறிக்கு வந்துவிடுகிறது. அபாயம் நேரும் வேளையில் எஞ்சினைக் காக்கும் ஆற்றலை அஃது இழந்துவிடுகிறது.

இம்மூன்றும் வண்டியின் உரிமையாளரோடு முடிந்துவிடும் நட்டங்கள். நான்காவது அப்படியன்று. டீசல் புகையில் நுண்கரியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டு. எண்ணெயை முன்கூட்டிப் பீச்சினால் நன்கு எரிந்து வலிவு ஏறும்; ஆனால், சூடு மிகுந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். தாமதித்துப் பீச்சினால் அவை குறையும், கரி பெருகும். இந்த இருதலை நிலையைச் சமாளிக்கவே, 2007ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் புதிய டீசல் வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டிகளும், அதன் பின்னர் யூரியாக் கரைசலால் நைட்ரஜன் ஆக்சைடுகளை மாற்றும் கருவிகளும் இடம்பெற்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2012ஆம் ஆண்டு டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது.

வலிவை நாடிய பலர் இக்கருவிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அவை இல்லாததைக் கணிப்பொறி கண்டுகொள்ளாதபடி எண்களை மாற்றினர். 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தின் நோக்கத்துக்கே இது மாறானது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020ஆம் ஆண்டு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதற்கு முந்திய பத்தாண்டுக் காலத்தில் 5,50,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் மாசுத் தடுப்பு நீக்கப்பட்டதாகவும், அவ்வண்டிகள் தம் வாழ்நாளில் மிகையாக வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் 5,70,000 டன்னுக்கு மேல் என்றும் அது கூறியது. ஒழுங்கான பிக்கப்புகள் 90 லட்சத்தைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்கு ஒப்பானதாம் அந்த மாசு! வேண்டுமென்றே கரும்புகையைக் கக்கி வேடிக்கை பார்ப்போரும் உண்டு. அந்தப் புகை, எரியாத எண்ணெய். உரிமையாளர் விலை கொடுத்து வாங்கியதைக் காற்றில் விட, அதைப் பிறர் மூச்சில் வாங்குகின்றனர்.

தனிமனிதர் மட்டுமா தவறினர்? பெருநிறுவனங்களும் தவறின. 2014ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒரு சிறு குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. டேனியல் கார்டர் தலைமையில் அமைந்த அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்னும் நம் நாட்டு இளைஞரும், மார்க் பெஷ் என்ற சுவிஸ் நாட்டவரும் இருந்தனர். அவர்கள் அளவுகருவிகளைக் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு, மெய்யான சாலைகளில் ஓட்டிப் புகையை அளந்தனர். ஆய்வுக்கூடத்தில் தூயவையாக விளங்கிய ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களுள் ஒன்று, சாலையில் சட்டம் அனுமதித்ததைப்போல் 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும்படி அக்காரின் கணிப்பொறிக்குக் கட்டளை எழுதப்பட்டிருந்தது. 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் இவ்வுண்மை உலகறிய வெளிப்பட்டது. உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அத்தகைய கட்டளை இருந்ததை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. கணிப்பொறிக்குள் எழுதப்பட்ட பொய்யை வெளியிலிருந்து அளந்து கண்டவர்கள், பொறுமையும் கருவியும் தவிரப் பெரிய படைபலம் எதுவும் இல்லாத ஆராய்ச்சியாளர்கள்.

அப்படியானால் செவ்வைப்படுத்தும் கலையே தீயதா? அன்று. எஞ்சின் தயாரிப்போரும் அதே கலையைத்தான் பல ஆண்டுகள் உழைத்துச் செய்கின்றனர். கலிபோர்னியா மாநிலத்தின் காற்று வள வாரியம், மாசைக் கூட்டாதவை எனச் சோதனையில் தேறிய கருவிகளுக்கும் பதிவுகளுக்கும் அனுமதி ஆணை வழங்குகிறது. அவ்வழியில் நின்று, பாரம் இழுப்போரின் தேவையறிந்து பணி செய்வோரும் இருக்கின்றனர். அவர்களுக்கும் மற்றையோருக்கும் உள்ள வேற்றுமை கையில் இல்லை. கேட்கும் கேள்வியில் இருக்கிறது. 'இந்த எண்ணை எவ்வளவு உயர்த்தலாம்?' என்று ஒருவர் கேட்கிறார். 'இந்த எண் ஏன் இங்கே இருக்கிறது?' என்று மற்றொருவர் கேட்கிறார். ஓர் எண் பிஸ்டனைக் காக்க இருக்கலாம். மற்றோர் எண் பற்சக்கரத்தைக் காக்க இருக்கலாம். இன்னோர் எண், அச்சாலையோரம் வாழும் முன்பின் அறியாத ஒரு குழந்தையின் நுரையீரலைக் காக்க இருக்கலாம். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் இவை தெரிய மாட்டா. கற்றவருக்கே தெரியும்.

இளைஞர்களே! நாளை உங்களுள் சிலர் இத்தகைய அட்டவணைகளைத் திருத்தும் உரிமையைப் பெறுவீர்கள். எஞ்சினில் மட்டுமன்று; மருந்தின் அளவிலும், அணையின் நீர்மட்டத்திலும், மின்கம்பியின் சுமையிலும் எண்களே ஆட்சி புரிகின்றன. அவற்றை மாற்ற விரல் நுனியின் அசைவு போதும். மாற்றுமுன் அவற்றின் காரணத்தை அறிய இயற்பியலும் வேதியியலும் கணக்கும் வேண்டும். அறிந்தபின் சரியானதைச் செய்ய மனச்சான்றும் வேண்டும். இன்று மாலை ஒரு தாளை எடுத்து, நான் கூறிய கட்டங்களை வரைந்து, இடையே உள்ள எண்களை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விகித சமக் கணக்கு எதற்குப் பயன்படும் என்று கேட்ட நண்பருக்கும் அதைக் காட்டுங்கள்.